ஒபதியா நிறுத்திய ராக்கெட்

கனடாவின் வடக்கே, எங்கள் கிரீ ஜனத்தில் வேட்டைக்குப் புறப்படுகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். அவனும் சொல்ல மாட்டான். இன்ன இடத்தில் இன்னதைப் பிடிக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அது பீற்றிக்கொள்வது. மிருகம் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே தலைகாட்டாது. புருஷன் சொல்லாமல் கிளம்ப, பெண்டாட்டி கேட்காமல் டீத்தூளும் ரொட்டியும் கட்டிக் கொடுத்து அனுப்புகிற ஊர் இது.

இப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ராக்கெட் தளத்தை வைத்தார்கள். ராத்திரியில் பச்சையாக ஆடுகிற அந்தத் துருவத்து வான ஒளி எங்கள் தலைக்கு மேல்தான் அதிகம் ஆடும். படித்தவர்கள் தெற்கிலிருந்து வந்து, அதற்குள் ராக்கெட்டை விட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். மேலே போகிற ராக்கெட் பாதி வழியில் எரிந்துபோன இரும்புக் கூட்டைக் கழற்றிவிடும். அது கிழக்கே, எங்கள் ஆட்கள் பொறி வைக்கிற காட்டில் வந்து விழும். அதனால் ராக்கெட் விடுகிற நாளில் கிழக்கே ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. போகிறவர் பெயர், திசை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிவையுங்கள் என்று கடையில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அதில் ஒரே ஒரு பதிவுதான் விழுந்தது. "மோசே. கானான் பக்கம். திரும்ப நாற்பது வருடம்."

எழுதியவன் என் அண்ணன் சிமியோன் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் தளத்துக்காரர்களுக்குப் புத்தி வந்தது. ஒபதியாவை வேலைக்கு வைத்தார்கள். என் அக்கா எலிசபெத்தின் புருஷன், எனக்கு அத்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பாக எண்ணி, ஒரு ராக்கெட்டையே வீணடித்தவர் என்று இன்றைக்கும் ஊரில் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டத்தான் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. நாற்பது வருடம் கரண்டி பிடித்த கை.

அத்தான் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார். காலையில் கடையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து டீ குடிப்பார். யார் பன்றிக்கொழுப்பு இரண்டு பொட்டலம் வாங்குகிறார்கள், யார் ஒன்றோடு நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பார். எந்த வீட்டு நாய்களைக் கட்டிய இடத்தில் காணோம், எந்த வாசலில் பனிச் சறுக்குவண்டி இல்லை என்று தெருவில் ஒரு நடை நடந்து வருவார். பிறகு தளத்துக்குப் போகிற சாலையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய், வண்டித் தடங்கள் எங்கெங்கே கிழக்கே திரும்புகின்றன, எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடுவார். மதியத்துக்குள் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அவர் மனதில் அவரவர் இடத்தில் நிற்பார்கள். ராக்கெட் விடப்போகும் நேரம் வயர்லெஸ்ஸில் கேட்பார்கள். "கிழக்கு காலி" என்பார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வராமல் ராக்கெட் கிளம்பாது.

அவருக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? எட்டு வருடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அக்கா அவருடைய கம்பளிச் சட்டையைக் கஞ்சி போடாத குறையாகத் தேய்த்து மாட்டிவிடுவாள்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மூக்கில் தளத்துச் சமையலறை வாசனைதான் முதலில் வருகிறது. அந்தச் சமையலறையில் நான் உதவியாளாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இருநூறு பேருக்குச் சூப். உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பாத்திரங்கள். மெல்லிய தோல் ஷூவோடு விமானத்தில் வந்து இறங்கி, கால் விரல் மரத்துப்போய், அடுப்படியில் வந்து குந்துகிற விஞ்ஞானிகள். அவர்களுக்குக் கரிபு மான் கறியைக் கொடுத்தால் மாட்டுக்கறி என்று நினைத்து நாலு தடவை வாங்கிச் சாப்பிடுவார்கள். சங்கு ஊதினால் நாங்கள் தட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைப்போம், கட்டடம் குலுங்கும் என்று. குலுங்கி முடிந்ததும் எல்லோரும் மேலங்கியைக்கூட மாட்டாமல் வெளியே ஓடி அண்ணாந்து பார்ப்போம். அந்தப் பொட்டு நெருப்பு மேலே போய்க்கொண்டே இருக்கும். மேலே பச்சை ஒளி தன் பாட்டுக்கு ஆடும். கருவிகளை இறக்குகிற பாராசூட் துணி காட்டில் கிடைத்தால் தளத்தில் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஊரில் பாதி வீட்டு ஜன்னல் திரை ஆரஞ்சு நிறத்தில்தான் இருந்தது. என் கல்யாணத்துக்கு உள்பாவாடையும் அதே துணிதான்.

என் புருஷன் நோவா, 1968 இலையுதிர்காலத்தில் படகு கவிழ்ந்து ஆற்றில் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். போவதற்கு முந்தின வாரம்தான் கிழக்கே நரிக்குப் பொறி வைத்துவிட்டு வந்திருந்தார். பொறி வைத்தவன் செத்துப்போனால் அவன் ஆட்கள் போய் அதையெல்லாம் மூட வேண்டும். மூடாமல் விட்டால் மாட்டுகிற மிருகம் யாருக்கும் ஆகாமல் அழுகிப்போகும். அந்தப் பாவம் செத்தவனைச் சேரும். நான் அதை நம்புகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

பிப்ரவரி வரை எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்த மாதம் தெற்கிலிருந்து ஹால்வர்சன் என்று ஒரு டாக்டர் வந்திருந்தார். அவருக்கு வேண்டிய விதமான ஒளி வானத்தில் வர வேண்டும், அப்போதுதான் ராக்கெட். மூன்று வாரமாகத் தினமும் "இன்றைக்கு" என்று அறிவிப்பார்கள், தினமும் தள்ளிப்போகும். கடைசியில் ஒருவரும் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. எனக்கு விடுமுறை நாள். சிமியோன் தன் சிநேகிதனோடு சிநேகிதன் வண்டியில் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தான். அவனுடைய மோட்டார் பனி வண்டி வாசலில் சும்மா நின்றது. அதை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் கிழக்கே போனேன். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் மூடிய பக்கம் போனால் அன்றே சீட்டுக் கிழியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பதினெட்டுப் பொறிகள். ஒவ்வொன்றாக மூடினேன். கடைசிப் பொறிக்குப் பக்கத்தில் வண்டி பனிக்குள் புதைந்துவிட்டது. தோண்டி வெளியே எடுத்துக் கிளப்புவதற்குள் இருட்டிவிட்டது. பிறகு சாலைப் பக்கம் போகாமல் கடற்கரை ஓரமாகவே உறைபனி மேல் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் அண்ணாந்து பார்த்தேன், வானம் முழுக்க ஒளி. ராக்கெட் போகவில்லை. வழக்கம்போலத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை அண்ணன் வாசலில் நின்ற இடத்திலேயே நிறுத்தி, மேலே பனியை அள்ளித் தூவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என்ன நடந்தது என்று மறுநாள் காலை சமையலறையில்தான் தெரிந்தது. ஹால்வர்சனுடைய ஒளி வந்தேவிட்டது. எல்லாம் தயார். வயர்லெஸ்ஸில் அத்தானைக் கேட்டிருக்கிறார்கள். அவர் காலையிலேயே சிமியோன் வண்டியின் தடம் கிழக்கே திரும்பியதைப் பார்த்துவைத்திருந்தார். தடம் திரும்பி வரவில்லை.

"காலி இல்ல" என்றிருக்கிறார்.

யார் என்று கேட்டார்கள். "ஒருத்தர்" என்றார். எங்கே என்று கேட்டார்கள். அதற்கு அவர் வாயே திறக்கவில்லை. இன்னொருத்தன் பொறி வைத்திருக்கிற இடத்தை அவர் எப்படி வயர்லெஸ்ஸில் நாலு பேர் கேட்கச் சொல்வார்? தேடப் போன வண்டி சாலையிலிருந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்தது. மூன்று மணி நேரம் ஹால்வர்சன் கெஞ்சினார், கத்தினார். அத்தான் அசையவில்லை. பிறகு மேகம் மூடிவிட்டது. ராக்கெட்டுக்குள் இருந்த ஏதோ கருவியும் குளிரில் செத்துப்போயிற்று.

விடிந்ததும் சிமியோன் மேற்கே ஆற்றுப் பக்கமிருந்து வந்து இறங்கினான், சிநேகிதன் வண்டியில், இரண்டு கரிபுவோடு. அத்தான் கணக்கில் கிழக்கே இருந்தவன் அவன்தான். அவன் வண்டி வாசலில் பனி மூடி நின்றது. ராத்திரிக் காற்று தடத்தையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. கிழக்கே ஆளும் இல்லை, தடமும் இல்லை. மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார்.

நான் இருநூறு முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் வேறு போக்கில்லை. அத்தானுக்குக் கை கால் இருக்கிறது, துறைமுகத்தில் தானியக் கிடங்கு இருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். நான் கோழை. அன்றைக்கு முட்டையைத்தான் உடைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிமியோன் பாதியில் எழுந்து, கதவுப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டு சொன்னான்.

"மச்சான், நான் கக்கூஸுக்குப் போறேன். ராக்கெட்ட நிறுத்தி வை."

மச்சான் கேலிக்குக் கோபித்துக்கொள்வது எங்களிடம் வழக்கமில்லை. அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தானும் உதட்டை இழுத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அக்காவும் சிரித்துவிட்டாள். அத்தான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஹால்வர்சன் வைத்திருந்த இன்னொரு ராக்கெட்டை விட்டார்கள். "கிழக்கு காலி" என்று வேறு யாரோ சொன்னார்கள். ஜூனில் பனி கரைந்த பிறகு விறகுக்காக நோவாவின் காட்டுப் பக்கம் போனேன். கடைசிப் பொறி இருந்த மணல் திட்டில், நான் வண்டியைத் தோண்டிய இடத்தில், அந்த இரும்புக் கூடு பாதி மண்ணுக்குள் குத்திக்கொண்டு நின்றது. ஆள் உயரம். பக்கத்திலிருந்த மரம் இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு காலம் ஓடிவிட்டது. ராக்கெட்டுகள் குறைந்தன, ஒரு நாள் நின்றே போயின. படித்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். கட்டடங்களில் பனிக்காற்று புகுந்து விளையாடியது. சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தபோது அந்தத் தளத்திலேயே வடபுல அறிவியல் மையம் வந்தது. இப்போது ராக்கெட் இல்லை. பாசியைப் பார்க்கிறவர்கள், வாத்தைப் பார்க்கிறவர்கள், கரடியைப் பார்க்கிறவர்கள். ராக்கெட்டைக் கோத்த கூடத்தில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், தலைமைச் சமையல்காரியாக. அதே சமையலறை, அதே அடுப்பு. ஆனால் நாற்பது பேர்தான், அதில் பாதிப் பேர் கறி சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். தட்டைத் தரையில் இறக்கிவைக்கும் வேலை இல்லை. சில நாள் அது இல்லாமல் வெறிச்சென்று இருக்கும்.

மாணவர்களை வெளியே கூட்டிப்போகிறபோது வெள்ளைக் கரடிக்குக் காவலாகத் துப்பாக்கியோடு ஒரு ஆள் வேண்டும். அத்தானைக் கூப்பிட்டார்கள். அவரும் வந்தார். பதினெட்டு வருடம் கழித்து அதே வாசலில் அவர் மறுபடி நுழைந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

ஊரையே ஒரு நடையில் எண்ணி முடித்த மனிதர், பன்னிரண்டு மாணவர்களை வண்டியில் ஏற்ற என்ன பாடு பட்டார் தெரியுமா? விரலை நீட்டி எண்ணுவார். இறங்கிப் போய்த் திரும்ப எண்ணுவார். பிறகு ஒரு மாணவியைக் கூப்பிட்டு, நீயும் ஒரு தடவை எண்ணிப் பார் என்பார். பிள்ளைகள் அவரை அன்பாகத்தான் கிண்டல் செய்தார்கள். எங்கள் ஊர் டிரைவர் மட்டும், "ராக்கெட்ட நிறுத்தினவர் இல்லையா, அப்படித்தான்" என்பான். அந்தக் கேலி அதற்குள் சிமியோனைத் தாண்டி, அந்த வருடம் பிறக்காதவர்கள் வாய் வரைக்கும் போய்விட்டது. ஜன்னல் வழியாக நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே மாவு பிசைவேன். பதினோரு வருடம் பார்த்தேன்.

1998 அக்டோபர். அக்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடல் உறையக் காத்துக்கொண்டு கரடிகள் கரையெல்லாம் திரிகிற மாதம். காலை பத்து மணிக்கு அத்தான் சமையலறைக்குள் வந்து துப்பாக்கியை மேசை மேல் வைத்தார். அதை அவர் ஒருநாளும் மேசையில் வைத்ததில்லை.

"என்னால முடியல டார்கஸ்" என்றார். "இயக்குநர்கிட்டச் சொல்லிடப் போறேன். வெளிய பதினோரு புள்ளைங்க நிக்குது. பதினொண்ணா பத்தான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு தடவ இல்லாத ஆளை இருக்குன்னு சொன்னவன். ஒரு நாளு இருக்கிற ஆளை இல்லன்னு சொல்லிட்டேன்னா?"

பயத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. எழுபது வயது மனிதர். என் கையில் மாவு.

"அன்னைக்கு ஆளு இருந்துச்சு அத்தான்" என்றேன். "நான்தான் இருந்தேன்."

சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. சிமியோன் வண்டி, பதினெட்டுப் பொறி, வாசலில் அள்ளித் தூவிய பனி, முட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடத்தையும் சொன்னேன். இரட்டை ஏரிக்குக் கிழக்கே மணல் திட்டு என்று, எங்கள் ஆட்கள் யாரும் யாரிடமும் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வாரம் விட்ட ராக்கெட்டின் கூடு அங்கே நிற்கிறதையும் சொன்னேன்.

அத்தான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு தூரத்துல?" என்று கேட்டார்.

"வண்டி புதைஞ்ச அதே எடம்."

அவர் தலையாட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எலிசபெத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அப்ப அவ என்னை நம்பாமலேதான் போனா" என்றார்.

இருபத்தொன்பது வருடத்தில் நான் எத்தனையோ சமாதானம் தயார் செய்துவைத்திருந்தேன். பிள்ளைகள், வேலை, பயம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அதில் ஒன்றும் உதவவில்லை. அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. நான் மாவுக் கையோடு நின்றேன். அவர்தான் போய் அடுப்பை அணைத்தார்.

பிறகு துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். இயக்குநர் அறைப் பக்கம் போகவில்லை. ஜன்னலில் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார், கதவைத் திறந்து ஏற்றினார், ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

மாலையில் வேலை முடிந்து நான் மேலங்கியை மாட்டும்போது வாசலில் அவர் லாரி நின்றது. ஏறு என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊரைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உங்க அக்காகிட்டப் போயிச் சொல்லு" என்றார்.

கரடி மாதத்தில் அங்கே தனியாக யாரும் போக முடியாது. அதனால் அவரும் கூடவே வந்தார். அக்காவின் சிலுவைக்குப் பத்தடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பாக்கியைப் பிடித்தபடி விரிகுடாவைப் பார்த்து நின்றார். நான் மண்ணில் மண்டிபோட்டேன். அக்கா, அன்றைக்கு அத்தான் சொன்னது சரி, கிழக்கே ஆள் இருந்தது, அது நான்தான் என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு டார்கஸ்" என்றார் அத்தான், திரும்பாமலே. "காத்து அடிக்குது. அவளுக்குக் கேக்கணும்."